அறையொலித் திருத்தம்

ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் 'ரூம் கரெக்‌ஷன்' என்று அச்சிட்டிருந்ததைக் காட்டிக் கீழக்கரை நண்பர் கேட்டார்: "ரூம்ல எதைத் திருத்தணும் மாப்ளே?"

சரியான கேள்வி. அறையில் எதையும் திருத்துவதில்லை. சுவரும் கூரையும் அப்படியே இருக்கும். அவை ஒலியைக் கெடுக்கும் விதத்தை அளந்து, ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை முன்னதாகவே மாற்றி அனுப்புகிறோம். 'அறைத் திருத்தம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கொத்தனாரைக் கூப்பிடத் தோன்றும். ஆகவே 'அறையொலித் திருத்தம்' என்பதே என் தேர்வு.

பனையோலை வீட்டில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. தாழ்ந்த சுருதி (பேஸ்) ஒலி ஓலையையும் தட்டியையும் ஊடுருவி வெளியே போய்விடும். இன்றைய வீட்டில் சிமென்ட் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. போன ஒலி சுவரில் அறைந்து திரும்பி வருகிறது. (முரசறைவதும் அலை கரையில் அறைவதும் இதே சொல்தான், தங்கும் அறைக்கும் அதே ஒலி அமைந்திருப்பது எனக்குப் பிடித்த பொருத்தம்.) இரு சுவர்களுக்கு நடுவே அரை அலைநீளம் கச்சிதமாக அடங்கும் சுரமும் அதன் மடங்குகளும் நின்று வீங்கும். 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகும். 12 அடி அகலத்துக்குக் கணக்குப் போட்டால் அந்த அடிப்படைச் சுரம் சுமார் 48 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48 அதிர்வு. நண்பரின் அறை 12-க்கு 12. நீளத்தின் வீக்கமும் அகலத்தின் வீக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ, பேஸ் கிட்டார் கும்மென்று முழங்கி, பாடகரின் குரலை அமுக்கியது.

'கரெக்‌ஷன்' லத்தீன் வழி வந்தது; நேராக்குதல் என்பது அதன் வேர்ப்பொருள். நம் 'திருத்து' இன்னும் ஆழமானது. திருந்து தன்வினை, திருத்து பிறவினை. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கி, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் நிரவுவதை எங்கள் பக்கம் நிலம் திருத்துவது என்போம். இங்கு நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். உட்காரும் இடத்தில் அளவு மைக்கை வைத்து, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒலியை ஓடவிட்டு, எங்கே மேடு எங்கே பள்ளம் என்று மென்பொருள் வரைந்து காட்டும். மேட்டுக்கு எதிரான வடிப்பான் (ஃபில்டர்) போட்டால் மேடு தணியும்.

பள்ளத்தில்தான் உவமை நின்றுபோகிறது. நேராக வரும் அலையும் சுவரில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று அழிப்பதால் உண்டான பள்ளம் அது. அங்கே ஒலியைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும். பள்ளம் நிரம்பாது, ஸ்பீக்கர்தான் வதைபடும். ஸ்பீக்கரையோ இருக்கையையோ இடம் மாற்றுவதே வழி. டைல்ஸ் தரையின் கணகணப்புக்கும் வடிப்பான் மருந்தாகாது. கம்பளமும் கனத்த திரைச்சீலையும் வேண்டும்.

ஆங்கிலத்தில் முழுப்பெயர் 'டிஜிட்டல் ரூம் கரெக்‌ஷன்'. அதில் முன்னே வரும் 'டிஜிட்டல்' என்பதற்கு லத்தீனில் மூலம் விரல். விரல்விட்டு எண்ணும் நமக்கு 'எண்ணிம' அந்நியமில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், 'இலக்கமுறை' என்பார்கள். தமிழில் முழுப்பெயர்: எண்ணிம அறையொலித் திருத்தம்.

நண்பர் சோபாவைப் பின்சுவரிலிருந்து மூன்றடி முன்னே இழுத்தார். பிறகுதான் மைக்கை வைத்து அளந்தோம்.