டவரிடம் கேட்க என்ன வெட்கம், தம்பி?

மறுபடியும் ஒரு போன். இந்த முறை மண்டபம் ஊர்ப் பக்கத்துப் பையன், வெளிமாநிலத்தில் பைலட் பயிற்சியில் இருக்கிறான். டவர், அதாவது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம், நிற்கச் சொன்ன கோட்டைத் தாண்டி விமானத்தின் மூக்கை ரன்வேக்குள் விட்டுவிட்டான். இறங்க வந்துகொண்டிருந்த இன்னொரு விமானம் திரும்ப மேலே ஏற வேண்டியதாகிவிட்டது. விசாரணை முடியும்வரை அவன் பறக்க முடியாது. "சார், தரையிலதானே நடந்துச்சு, மேல ஒரு தப்பும் பண்ணலையே" என்கிறான்.

இந்தத் 'தரையிலதானே'யைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. உச்சிப்புளி கடற்படைத் தளத்து விமானங்களை அண்ணாந்து பார்த்து வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விமானம் என்றாலே வானம்தான். ஆனால் உலகிலேயே அதிகம் பேரைப் பலிகொண்ட விமான விபத்து வானத்தில் நடக்கவில்லை. 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. இரண்டு ஜம்போ விமானங்கள் ரன்வேயிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள்.

"அதெல்லாம் பெரிய விமானம் சார்" என்பார்கள். சரி, சின்ன விமானத்துக்கே வருகிறேன். 2001 அக்டோபர் 8, மிலன் நகரின் லினாட்டே விமான நிலையம், கடும் மூடுபனி. ஒரு சிறிய செஸ்னா ஜெட்டை ஆர்5 டாக்ஸிவேயில் (ரன்வேக்குப் போய்வரும் இணைப்புப் பாதையில்) போகச் சொன்னார்கள். விமானிகள் ஆர்6-இல் திரும்பினார்கள். வழியில் தரையில் எழுதியிருந்த 'எஸ்4' என்ற குறியைப் படித்து டவரிடம் சொல்லவும் செய்தார்கள். அந்தக் குறி எங்கே இருக்கிறது என்று டவரில் இருந்தவருக்குத் தெரியவில்லை, அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. மேலே கிளம்ப ரன்வேயில் ஓடிக்கொண்டிருந்த பயணிகள் விமானத்தின் குறுக்கே செஸ்னா வந்துவிட்டது. 118 பேர் போனார்கள். அங்கே குறிப்பலகைகளும் மோசம், தரை ரேடாரும் இல்லை. இத்தனைக்கும் நடுவில், "நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று உறுதியாகத் தெரியவில்லை" என்று ஒரு குரல் வந்திருந்தால் போதும்.

அந்தக் குரல் ஏன் வருவதில்லை என்று எனக்குத் தெரியும். நம் பிள்ளைகள் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். ரேடியோவில் வேகமான ஆங்கிலம் ஓடுகிறது, அதே அலைவரிசையில் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'சே அகெய்ன்', அதாவது திரும்பச் சொல்லுங்கள், என்று கேட்டால் சிரிப்பார்களோ என்ற பயம். அதனால் பாதி புரிந்ததுமே 'ரோஜர்' சொல்லிவிட்டு நகர்கிறார்கள். தம்பி, யாரும் சிரிக்க மாட்டார்கள். புரியாமல் நகர்கிறவனைக் கண்டுதான் டவரில் இருப்பவருக்கு வயிறு கலங்கும். உங்கள் இன்ஸ்ட்ரக்டரே சிரித்தாலும் சிரிக்கட்டும், திரும்பக் கேளுங்கள்.

இன்னொன்று, வரிசையில் முதல் ஆளாக இருப்பது அனுமதி ஆகாது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில், நிலநடுக்க நிவாரணப் பொருளோடு புறப்பட இருந்த கடலோரக் காவல் படை விமானத்துக்கு 'நீங்கள் நம்பர் ஒன், ஹோல்டிங் பாயின்ட்டுக்குப் போங்கள்' என்றுதான் சொன்னார்கள்; அது ரன்வேக்கு வெளியே காத்து நிற்கும் இடம். அதை ரன்வேக்குள் போகவே அனுமதி என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய் நின்றார்கள். இறங்கிய ஏர்பஸ் மோதியது. ஏர்பஸ்ஸில் இருந்த 379 பேரும் தப்பினார்கள். சின்ன விமானத்தில் ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். பாம்பனில் பாலம் தூக்கக் காத்திருக்கும் விசைப்படகுக்காரர் வரிசையில் முதலில் நிற்கிறோம் என்பதற்காகப் படகை உள்ளே விடுவாரா?

ரன்வேக்கு முன்னால் நான்கு மஞ்சள் கோடுகள் இருக்கும், இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டுப் போடும் கோடு. முழுக்கோடு உங்கள் பக்கம் என்றால் டவர் சொல்லாமல் தாண்டக் கூடாது. வெயிலில் பெயின்ட் வெளுத்திருக்கும், கிட்டே போனதும் உங்கள் விமானத்தின் மூக்கு அதை மறைத்துவிடும். ஆகவே பக்கத்தில் சிவப்பில் வெள்ளை எழுத்துப் பலகையைத் தேடுங்கள். விமானம் நகரும்போது செக்லிஸ்ட் படிக்காதீர்கள், டேப்லெட்டைத் தடவாதீர்கள். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை தலை குனிந்திருந்தபோது நடந்தவை. கிளம்பும் முன்பே விமான நிலைய வரைபடத்தில் போகும் வழியை விரலால் ஓட்டிப் பாருங்கள். எங்கே நிற்க வேண்டும் என்பதை எழுதிக்கொண்டு அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். ரன்வேயில் ஏறியதும் அங்கே எழுதியிருக்கும், அதன் திசையைக் காட்டும் எண்ணும் திசைகாட்டியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 2006-இல் அமெரிக்காவின் லெக்சிங்டனில் ரன்வே 22-க்குப் பதில் நீளம் குறைந்த ரன்வே 26-இல் ஒரு விமானம் ஓடியதில் 49 பேர் இறந்தார்கள்.

தெரியாத ஊரில் 'ப்ரோக்ரஸிவ் டாக்ஸி' கேளுங்கள். ஒவ்வொரு திருப்பத்தையும் அவர்களே சொல்வார்கள். வழி குழம்பினால் டாக்ஸிவேயிலேயே நின்று கேளுங்கள். தப்பி ரன்வேக்குள் போய்விட்டால் மட்டும் நிற்காதீர்கள். கிடைத்த வழியில் வெளியேறுங்கள், வெளியேறிக்கொண்டே டவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். திட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.