வீட்டு வேலைக்கு வளைகுடா போகும் பெண்கள்: விசா வந்தால் மட்டும் போதுமா?

பத்தாம் வகுப்பு தேறாத ஒரு பெண் குவைத்துக்கோ ஓமானுக்கோ வீட்டு வேலைக்குப் போகிறார் என்றால், பெரும்பாலும் அவரிடம் இருப்பது ஈ.சி.ஆர். பாஸ்போர்ட், அதாவது 'குடிபெயர்வு அனுமதி தேவை' என்ற வகைப் பாஸ்போர்ட். வளைகுடா நாடுகள், மலேசியா, ஜோர்டான், லெபனான் உட்பட 18 நாடுகளுக்கு இந்த பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர்கள், 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி முன்அனுமதி பெற வேண்டும். அதைத் தருபவர் குடிபெயர்வோர் பாதுகாவலர். அவருக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு.

இது ஆண்களுக்கும் பொருந்தும். பெண்களுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு: வயது 30 நிரம்பியிருக்க வேண்டும், தனியார் ஏஜென்ட் மூலம் போகக் கூடாது. 2016 முதல் அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே ஆள் எடுக்கலாம். தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், கேரளத்தில் நோர்க்காவும் ஒடெபெக்கும். சம்பளம், வேலை விவரம் எல்லாம் இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் ஒப்பந்தமாகப் பதிவாகும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம்.

சிக்கல் வயதில்தான் தொடங்குகிறது. 26 வயதுப் பெண்ணுக்கும் கடன் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். "விசிட் விசால போயிரும்மா, அங்க போய் மாத்திக்கலாம்" என்பார் ஏஜென்ட். சுற்றுலா விசாவுக்கு முன்அனுமதி தேவையில்லை என்பது அவருக்குத் தெரியும். பாதுகாக்கப் போட்ட விதி, இளம் பெண்களைப் பக்கவாசல் வழியே தள்ளிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படிப் போனவருக்கு இ-மைக்ரேட்டில் பதிவில்லை, ஒப்பந்தமில்லை, காப்பீடுமில்லை.

குவைத்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கு வார விடுமுறை தருகிறது, வேலை நேரத்தை நாளுக்கு 12 மணிக்குள் நிறுத்துகிறது, முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைக்கக் கூடாது என்கிறது. முறையான வீட்டு வேலை விசாவும் ஒப்பந்தமும் கையில் இருந்தால்தான் இதைக் காட்டி வாதாட முடியும்.

ஏற்கெனவே போய்ச் சிக்கியிருந்தால், குடும்பத்தினர் ஊரிலிருந்தே வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம். எந்த வழியில் போயிருந்தாலும் தூதரகத்தை அணுகத் தயங்க வேண்டாம். பாஸ்போர்ட் முதலாளியிடம் மாட்டிக்கொண்டால், ஊர் திரும்ப மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழைத் தூதரகம் தரும். ஆனால் விசா காலம் தாண்டியதற்கான அபராதமோ, 'ஓடிப்போய்விட்டார்' என்று முதலாளி கொடுத்த புகாரோ இருந்தால், அதை முடித்த பிறகே அந்நாடு வெளியே விடும்.