பேஃபிள்: ஸ்பீக்கருக்கு ஒரு தட்டி

வீட்டிலேயே ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள் நாள்தோறும் புழங்கும் சொல் ‘ஓப்பன் பேஃபிள்’. பெட்டி கிடையாது. ஒரு பலகை, அதில் வட்டமாக ஒரு துளை, துளையில் திருகிய ஸ்பீக்கர், அவ்வளவுதான். முதுகு திறந்தே கிடக்கும். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே பேனா நின்றுவிடுகிறது. அகராதியில் ‘பேஃபிள்’ என்று தேடினால் ‘திகைக்க வை, குழப்பு’ என்றுதான் முதலில் வருகிறது. குழப்பத்துக்கும் பலகைக்கும் என்ன உறவு?

உறவு இருக்கிறது, கொஞ்சம் சுற்றி வர வேண்டும். பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் பொருள், ஒருவரை ஊரறிய அவமானப்படுத்துவது. வாக்குத் தவறிய வீரனுக்குக் கொடுத்த தண்டனை அது. ஏளனம் செய்வதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள், மூலம் உறுதியாகவில்லை. பிறகு ‘ஏமாற்று, குழப்பு’ என்றும், ‘ஒருவர் முயற்சியை ஈடேற விடாமல் செய்’ என்றும் பொருள் விரிந்தது. எந்திரக்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்தக் கடைசிப் பொருளைத்தான். கொதிகலனில் சூடான புகை நேராக ஓடிப் போய்விடாமல் வளைந்து செல்வதற்கு வைக்கும் தகடு ஒரு பேஃபிள். டேங்கர் லாரி பிரேக் போடும்போது உள்ளே தண்ணீர் அலையடிக்காமல் இருக்க வைக்கும் குறுக்குத் தகடும் பேஃபிள்தான். ஓடுவதை அடியோடு நிறுத்துவது அதன் வேலையில்லை. நேர்வழியை மறித்து, சுற்றிப் போக வைப்பதே வேலை. தமிழ்ச் சொல் தேடும்போது இந்த நுணுக்கத்தை விட்டுவிடக் கூடாது.

ஸ்பீக்கர்காரர்கள் கைக்கு இது வந்தது 1920களில். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் குழாய் வாய் இல்லாத கூம்பு ஸ்பீக்கரைப் பற்றிய தங்கள் ஆய்வுரையை 1925இல் வெளியிட்டார்கள். இன்று நாம் வாங்கும் காகிதக் கூம்பு ஸ்பீக்கர்கள் எல்லாம் அதன் வாரிசுகள். கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. முன்னால் மேடு, பின்னால் பள்ளம். இரண்டும் சந்தித்தால் மேடு பள்ளத்தில் நிரவிப் போகும், பாஸ், அதாவது தாழ்ந்த சுருதி ஒலி, செத்துவிடும். அந்தச் சந்திப்புக்கான நேர்வழியை மறிக்கும் பலகைதான் இங்கே பேஃபிள்.

இதைக் காதால் கேட்காமல் நம்ப வேண்டாம். எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, கையில் பிடித்துக்கொண்டு ஒரு தனி ஆவர்த்தனத்தை ஓட விடுங்கள். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை டக்டக்கென்று கேட்கும். தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கமான தொப்பியைக் காணவே காணோம். இப்போது துளை போட்ட பிளைவுட்டை ஸ்பீக்கரின் முகத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். தொப்பியின் ‘தொம்’ அறைக்குள் வந்து உட்காரும். முதல்முறை கேட்டபோது பலகையை நான்கைந்து தடவை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தேன்.

ஏன் வந்தது? கணக்கு எளிது. பலகையின் அகலம் 50 செ.மீ., ஸ்பீக்கர் நடுவில். பின்பக்க ஒலி விளிம்பைச் சுற்றி முன்னால் வர 25 செ.மீ. கூடுதலாக நடக்க வேண்டும். ஒலி நொடிக்கு 344 மீட்டர் போகிறது என்றால், 688 ஹெர்ட்ஸில் அலைநீளம் 50 செ.மீ. அதில் பாதிதான் இந்த 25. ஆக, தலைகீழாகக் கிளம்பிய அலை பாதி அலை தாமதித்து வருவதால் நேராகி, முன்பக்க ஒலியோடு கூடிக்கொள்கிறது. 100 ஹெர்ட்ஸில் அலைநீளம் 3.44 மீட்டர். அதற்கு முன் 25 செ.மீ. ஒன்றுமே இல்லை, தலைகீழாகவே வந்து அழித்துவிடும். இந்த அகலத்துக்குச் சுமார் 230 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால், பின்பக்க ஒலியே இல்லாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் அளவைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். அதற்கும் கீழே, சுருதி ஒரு ஸ்தாயி இறங்க இறங்க 6 டெசிபெல் வீதம் இழப்பு.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘தடுப்பு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. ‘ஒலித்தடுப்பு’ என்றால் எவருக்கும் நெடுஞ்சாலை ஓரத்து இரைச்சல் சுவர்தான் நினைவுக்கு வரும். ஒலியை அடைப்பதும் ஒலியை வாழவைப்பதும் ஒரே சொல்லில் அடங்கினால் படிப்பவர் பாவம். ‘பலகை’ பொருளைச் சொல்கிறதே தவிர வேலையைச் சொல்லவில்லை. ‘திறந்த தடுப்பு’ என்ற நேர் மொழிபெயர்ப்பு இன்னும் மோசம்: திறந்திருந்தால் அது எப்படித் தடுப்பு?

விடை ஆசாரியிடம் கிடைத்தது. இரண்டு பிளைவுட் துண்டும் அளவும் கொடுத்து, பெட்டி வேண்டாம், பின்னால் ஒன்றும் வராது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டே கேட்டார்: “அப்ப வெறும் தட்டிதானுங்களா?”

தட்டி! ஓலைத்தட்டி, மூங்கில் தட்டி, வெட்டிவேர்த் தட்டி, தெருமுனையில் நிற்கும் விளம்பரத் தட்டி. டீக்கடை அடுப்பு அணையாமல் இருக்கக் காற்று வரும் பக்கம் சாத்தி வைப்பதும் தட்டிதான். நான்கு பக்கமும் அடைத்தால் அது அறை. ஒரு பக்கம் மட்டும் மறைத்தால் தட்டி. காற்று அதில் மோதி நின்றுவிடுவதில்லை, ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. பேஃபிள் செய்யும் வேலை எழுத்துக்கு எழுத்து இதுவே. மலையாளத்திலும் கன்னடத்திலும் இதே தட்டி, தெலுங்கில் தடிக. கோடையில் தண்ணீர் தெளித்துத் தொங்கவிட்ட வெட்டிவேர்த் தட்டியை இந்தியில் ‘டட்டி’ என்றார்கள். இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் ‘டாட்டி’ என்று தங்கள் ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆகவே என் பரிந்துரை: பேஃபிள் என்பது ‘தட்டி’, ஓப்பன் பேஃபிள் என்பது ‘வெறுந்தட்டி’. ஆங்கிலத்தில் ‘ஓப்பன்’ என்பது பலகையைப் பற்றியதே அல்ல, பெட்டி இல்லை என்பதைத்தான் சொல்கிறது. ‘வெறும்’ அதைச் சரியாகப் பிடிக்கிறது. முன்பக்கமும் பின்பக்கமும் சந்திக்கவே முடியாதபடி நீண்டுகொண்டே போகும் கற்பனைப் பலகையை ‘முடிவிலித் தட்டி’ எனலாம். ஒரே எச்சரிக்கை: ‘ஒலித்தட்டி’ என்று சேர்த்து எழுத ஆசை வரும். ‘ஒலித்தட்டு’ என்று கிராமபோன் ரெக்கார்டுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறிப்போகும் சொல்லை எதற்கு வம்பாக வாங்க வேண்டும்? ‘ஸ்பீக்கர் தட்டி’ போதும்.

பழைய வால்வு ரேடியோவின் முதுகைப் பார்த்தவர்களுக்கு வெறுந்தட்டி புதிதல்ல. துளைகள் போட்ட அட்டை ஒன்றுதான் பின்னால் இருக்கும், காற்று தாராளமாகப் போய் வரும். அந்த மரக்கூடு உண்மையில் மடித்த தட்டி.

சுருதி சேர்ப்பது, அதாவது ட்யூன் செய்வது, இங்கே பெரும்பாலும் இழந்த பாஸை மீட்கும் வேலை. ஈக்வலைசரில் ஏற்றலாம், ஆனால் விலை உண்டு: அதிர்வெண் பாதியானால் அதே சத்தத்துக்கு மூடிய பெட்டியில் கூம்பு 4 மடங்கு தூரம் ஆட வேண்டும், வெறுந்தட்டியில் 8 மடங்கு. அதனால்தான் பெரிய வூஃபர் (பாஸுக்கான ஸ்பீக்கர்), அதிலும் மொத்த க்யூ (கூம்பின் ஆட்டம் எவ்வளவு தளர்வாக அடங்குகிறது என்பதைக் காட்டும் எண்) 0.7ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும் வூஃபர் தேடுகிறார்கள். ஸ்பீக்கரை நட்டநடுவில் வைக்காதீர்கள். எல்லா விளிம்பும் ஒரே தூரத்தில் இருந்தால் ஒலியின் ஏற்ற இறக்கங்கள் எல்லாம் ஒரே அதிர்வெண்களில் குவியும். பின்சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். அப்போது சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஏறக்குறைய 6 மில்லிநொடி பிந்தி வரும், காது அதை அறையின் விசாலமாக ஏற்றுக்கொள்ளும். பக்கவாட்டில் முன்னொலியும் பின்னொலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் ஒலி 8 வடிவில் பரவுகிறது, பக்கச் சுவர்கள் அதிகம் முழங்குவதில்லை. வெறுந்தட்டியில் குரல் பெட்டிக்குள்ளிருந்து வராமல் ஆள் எதிரே நின்று பாடுவதுபோல் இருப்பதற்கு இது ஒரு காரணம், பெட்டிச் சுவர்களின் அதிர்வு இல்லாதது இன்னொன்று.

அறையில் 50 செ.மீ.க்கு மேல் அகலம் வைக்க இடமில்லை என்றால் இரு ஓரத்திலும் பின்னோக்கி 20 செ.மீ. பலகையைச் சிறகுபோலச் சேர்க்கலாம். பின்னொலி 25க்குப் பதில் 45 செ.மீ. சுற்ற வேண்டியிருக்கும், 230 ஹெர்ட்ஸ் எல்லை சுமார் 127க்கு இறங்கும். சிறகை இன்னும் ஆழமாக்கினால் குடத்துக்குள் பேசுவதுபோல ஒரு முழக்கம் குரலில் ஏறிவிடும், அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். இந்த அமைப்புக்கு நான் ‘சிறகுத்தட்டி’ என்று எழுதுகிறேன்.