இல்லாத பக்கத்தை இருக்கிறது என்று சொல்லும் சர்வர்

ஆன்லைன் கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "என் கடையில் மூவாயிரத்துக்கு மேல் பொருட்கள் இருக்கின்றன. சில லிங்குகள் வேலை செய்வதில்லை. வாடிக்கையாளர் யாராவது சொன்னால்தான் எது என்று தெரிகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மென்பொருளை ஓட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றது. அது எப்படி?"

கடைசிக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கு முன் அடிப்படையைச் சட்டென்று பார்த்துவிடலாம்.

வலையில் இணைப்பு என்பது ஒருவழிப் பாதை. நீங்கள் ஒரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால் அந்தப் பக்கத்துக்கு அது தெரியாது. 1960களில் இணைப்புகளால் கோத்த உரைக்கு ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லை உருவாக்கிய டெட் நெல்சன், இரண்டு முனைகளும் ஒன்றையொன்று அறிந்திருக்கும் இணைப்பைத்தான் விரும்பினார். 1989இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ முன்வைத்த திட்டத்தில் இருந்து வளர்ந்த வலையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. யாரையும் கேட்காமல் யாருக்கும் லிங்க் கொடுக்கலாம். வலை அவ்வளவு வேகமாகப் பரவ அது உதவியது. லிங்குகள் உடைவதும் அதனால்தான். கடைகளில் இது இன்னும் அதிகம். பொருளை எடுத்துவிடுவார்கள், வகையின் பெயரை மாற்றுவார்கள், கடையையே வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோவார்கள்.

உடைந்ததைத் தேட கிராலர் என்ற நிரல் இருக்கிறது. முகப்புப் பக்கத்தைத் திறக்கும், அதிலுள்ள முகவரிகளை வரிசையில் சேர்க்கும், ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கும், அங்கே புதிதாகக் கிடைப்பதை வரிசையின் கடைசியில் போடும். ஒவ்வொரு முறையும் சர்வர், அதாவது கடையின் பக்கங்களை அனுப்பும் கணினி, பதிலோடு மூன்று இலக்க எண் ஒன்றையும் அனுப்பும். 200 என்றால் பக்கம் இருக்கிறது. 301 என்றால் நிரந்தரமாக வேறு முகவரிக்குப் போய்விட்டது. 404 என்றால் கிடைக்கவில்லை. 410 என்றால் இருந்ததை எடுத்துவிட்டார்கள். 404 வந்ததையெல்லாம் பட்டியல் போட்டால் போதும், சர்வர் உண்மை பேசும் வரை.

பல கடைகளில் அது உண்மை பேசுவதில்லை. "மன்னிக்கவும், நீங்கள் தேடியது இங்கே இல்லை" என்று அழகாக ஒரு பக்கத்தைக் காட்டும். படிப்பவருக்குப் புரிந்துவிடும். ஆனால் அதோடு போகும் எண் 200. கிராலர் எண்ணைத்தான் பார்க்கிறது, சரி என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. இதற்கு சாஃப்ட் 404 என்று பெயர். வாசகரின் கடையிலும் இதுதான் நடந்திருக்க வேண்டும்.

இந்தச் சர்வரை எப்படிப் பிடிப்பது? "மன்னிக்கவும்", "இல்லை" போன்ற சொற்களைத் தேடலாமே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு விதமாக எழுதும். "இதில் பிளாஸ்டிக் இல்லை" என்று நல்ல பொருளின் விவரத்திலும் அதே சொல் வரும். 2004இல் ஸிவ் பார் யோசெஃப், ஆண்ட்ரே பிராடர், ரவி குமார், ஆண்ட்ரூ டாம்கின்ஸ் ஆகியோர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வேறொரு வழி இருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அது அலுப்பதில்லை. விடை நமக்கு முன்பே தெரிந்த ஒரு கேள்வியைச் சர்வரிடம் கேட்பதுதான் அந்த வழி.

பைகள் என்ற பிரிவின் கீழ் நீலத்தோள்பை என்றொரு முகவரி இருக்கிறது, அதில் நமக்குச் சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். கிராலர் அதைக் கேட்டு, வரும் பதிலை வைத்துக்கொள்கிறது. அப்புறம் அதே பைகள் பிரிவின் கீழ், கண்ணை மூடிக்கொண்டு தட்டியது போல "ழுடெபறூகிணசொமே" என்று நீளமாக ஒரு பெயரைத் தானே உண்டாக்கிக் கேட்கிறது. அப்படி ஒரு பொருளை யாரும் விற்றிருக்க முடியாது. நேர்மையான சர்வர் 404 என்று சொல்லும். 200 என்று சொன்னால், இந்தப் பிரிவில் 200 என்ற எண்ணுக்கு மதிப்பில்லை என்று தெரிந்துவிட்டது.

இனி இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நீலத்தோள்பைக்கு வந்ததும் ழுடெபறூவுக்கு வந்ததும் ஒரே பக்கம் என்றால், அந்தப் பை கடையில் இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் தேதி, "உங்களுக்குப் பிடிக்கலாம்" என்று வரும் பொருட்கள் எல்லாம் ஒவ்வொரு முறையும் மாறும். அதற்கும் தீர்வு உண்டு. பக்கத்தின் உரையை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் சிறு சொல்தொடர்களாக வெட்டுவது: முதல் நான்கு சொற்கள், இரண்டாவதிலிருந்து நான்கு, மூன்றாவதிலிருந்து நான்கு, இப்படியே. இரண்டு பக்கங்களின் துண்டுகளில் எத்தனை பங்கு பொதுவானவை என்று எண்ணினால் ஒற்றுமை ஓர் எண்ணாகக் கிடைக்கும். ஓட்டின்மேல் ஓடு வேய்ந்தது போல என்பதால் இதற்கு ஷிங்கிளிங் என்று பெயர். 1997இல் இதை வகுத்தவரும் அதே பிராடர்தான்.

பொய்ப்பெயரை அதே பிரிவின் கீழேயே கேட்பது முக்கியம். ஒரே கடையில் பைகள் பிரிவை ஒரு நிரலும் உதவிப் பக்கங்களை இன்னொரு நிரலும் கவனிக்கலாம், ஒன்று நேர்மையாகவும் மற்றது இல்லாமலும் இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் மருந்து கொடுக்காத ஒரு குழுவை ஒப்பீட்டுக்கு வைப்பார்களே, அந்தப் பொய்ப்பெயர் செய்வதும் அதே வேலைதான்.

சர்வர்களை இப்படிப் பொய் பேசவைப்பதில் ஒரு மூடநம்பிக்கைக்கும் பங்கு உண்டு. ஒரு 404 வந்தாலே தேடுபொறியில் மொத்தக் கடையின் இடமும் இறங்கிவிடும் என்று பயந்து, போன பொருட்களின் முகவரிகளையெல்லாம் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். சில பக்கங்கள் 404 தருவது மற்றப் பக்கங்களைப் பாதிக்காது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. முகப்புக்குத் திருப்புவதையும் அது சாஃப்ட் 404 ஆகவே பார்க்கிறது. பை தேடி வந்தவரை வாசலில் கொண்டுபோய் விட்டால் அவருக்கும் ஒரு பயனும் இல்லை. செர்னில் 404ஆம் எண் அறையில்தான் முதல் சர்வர் இருந்தது என்ற கதையும் இப்படித்தான் சுற்றுகிறது. பெர்னர்ஸ் லீயோடு பணிபுரிந்த ராபர்ட் கயோ அதை மறுத்துவிட்டார். முகவரியைக் கேட்டவர் தரப்புப் பிழைகளுக்கான எண்கள் 4இல் தொடங்கும், அவ்வளவுதான்.

எழுத்திலேயே ஒளிந்திருக்கும் உடைவும் உண்டு. முகவரியில் "தொப்பி" இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினிகள் எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் யூனிகோடில் "தொ"வை இரண்டு விதமாக எழுதலாம்: தகரத்தோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது தகரத்தோடு ஒற்றைக் கொம்பு, பிறகு கால். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துகளாக விரிவதால், ஒரு தொப்பி 54 எழுத்து, இன்னொரு தொப்பி 63. சர்வருக்கு அவை இரண்டு வேறு முகவரிகள். சேமிக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

திருத்துவது எளிது. பொருள் இடம் மாறியிருந்தால் 301. நேரடியாகப் புதிய முகவரிக்கே திருப்புங்கள், திருப்பத்தின்மேல் திருப்பமாக வைத்தால் பிரவுசர் ஓர் அளவுக்கு மேல் கைவிட்டுவிடும். கடையின் உள்ளே இருக்கும் லிங்கை நேராகவே மாற்றிவிடலாம். நிரந்தரமாகப் போய்விட்டது என்றால் 410. எது முதலில் என்பதை சர்வரின் பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்யலாம், அதிகம் பேர் வந்து ஏமாந்த முகவரியே முதலில்.

2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் 2023இல் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்டது. புதிய தளம் கட்ட நிதி ஒதுக்குகிறவர்கள் பழைய முகவரிகளை உயிரோடு வைக்கவும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆராய்ச்சித் தளங்களுக்கு இது இன்னும் அவசியம்.

வாசகர் முதலில் செய்ய வேண்டியது ஒரு நிமிட வேலை. பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் கடையின் முகவரிக்குப் பின்னால் வாய்க்கு வந்த எழுத்துகளைத் தட்டி என்ன எண் வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு முறை. 200 வந்தால் லிங்குகளை விட்டுவிட்டு சர்வரை முதலில் திருத்துங்கள். பிறகு அதே மென்பொருளை ஓட்டினால், இந்த முறை பட்டியல் வரும்.