அப்பா பேரில் நிற்கும் பட்டா: உயில் இல்லாத வீட்டில் பங்கு எப்படிப் போகும்?

கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டுக்கு மனு எழுதிக் கொடுக்கப் போயிருந்தேன். டிரங்குப் பெட்டியிலிருந்து பட்டாவை எடுத்து விரித்தார்கள். நாலாக மடித்தே வைத்திருந்ததால் மடிப்பில் ஓட்டை. சர்வே எண்ணே அதில் போய்விட்டது. மழைக்கால ஈரத்தில் ஓரமெல்லாம் பூஞ்சை. பட்டாவில் இருந்தது அப்பாவின் பெயர். அவர் இறந்து பல வருடம் ஆகிறது. உயில் எழுதவில்லை. ஒன்றரை ஏக்கர் தேயிலை, அவரே சம்பாதித்து வாங்கியது. பிள்ளைகள் கொழுந்து பறித்து ஃபேக்டரிக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பட்டா தங்கள் பேரில் இல்லாததால் பிஎம் கிசான் பணத்துக்கும் பயிர்க்கடனுக்கும் அலைச்சல்.

"அம்மா, அண்ணன், நான், தங்கச்சி, நாலு பேர்தானே சார்?" என்றார் இளைய மகன். அங்கேதான் சிக்கல். அப்பா இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்தார்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஓர் ஆண் இறந்தால் அவருடைய சொந்தச் சம்பாத்தியம் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லோருக்கும் சமபங்காகப் போகும். தாயை மறந்துவிடுகிறோம். இந்த வீட்டுக் கணக்கு: 150 சென்ட், ஐந்து பேர், ஆளுக்கு 30 சென்ட். பாட்டியும் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். தாத்தா முன்னமே போய்விட்டார். ஆகவே பாட்டியின் 30 சென்ட் அவருடைய மூன்று பிள்ளைகளின் கிளைக்குப் போகிறது: சித்தப்பாவுக்கு 10, அத்தைக்கு 10, இறந்துபோன அப்பாவின் பிள்ளைகள் மூவருக்கும் சேர்த்து 10. அந்தத் தோட்டத்தில் ஒருநாளும் கால் வைக்காத அத்தையின் கையெழுத்து இல்லாமல் இனி முழு நிலத்துக்கும் பட்டா மாறாது. அத்தையும் சித்தப்பாவும் மனமுவந்து, தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்தால்தான் உண்டு. அவர்கள் பங்கைக் கேட்டாலும் தவறு சொல்ல முடியாது, அது அவர்களுடையது.

அப்பா ஒரு வெள்ளைத்தாளில் உயில் எழுதியிருந்தால் இது எதுவும் இல்லை. வெள்ளைத்தாள் என்றுதான் சொல்கிறேன். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை. 18 வயது நிறைந்து, புத்தித் தெளிவோடு இருப்பவர் எழுதலாம். கையெழுத்தோ கைநாட்டோ போடலாம். ஆனால் சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். அவர்கள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, அவர்களும் உயில் எழுதுபவர் முன்னிலையில் போட வேண்டும். சொத்து யாருக்குப் போகிறதோ அவரையும் அவர் கணவர் அல்லது மனைவியையும் சாட்சியாக வைக்காதீர்கள். உயில் எழுதுபவரைவிட வயதில் இளைய, ஊரில் நிலையாக இருக்கிற ஆளாகப் பாருங்கள். நாளைக்கு கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். பதிவு செய்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. பதிவான உயில் வில்லங்கச் சான்றில் தெரியாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர யாருக்கும் நகல் தர மாட்டார்கள். வீட்டில் சண்டை வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு இது பெரிய தைரியம். மனசு மாறினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம்.

உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் தான செட்டில்மென்ட் அப்படியல்ல. எழுதிப் பதிவு செய்த அன்றே சொத்து கைமாறிவிடும். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக்கட்டணம் உச்சவரம்பு 10,000. செலவு குறைவு என்று வயதானவர்கள் இருக்கிற ஒரே வீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், "கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மீறினால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து ரத்து செய்யக் கேட்கலாம்.

பரம்பரைச் சொத்தில் உயில் எழுதினால் தன் பங்குக்கு மட்டும்தான் செல்லும். அதில் மகளுக்கும் பிறப்பாலேயே சம உரிமை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போடும்போது, கட்டிக்கொடுத்த பெண் என்று மகள் பெயரை விட்டுவிடுகிறார்கள். அது மறைப்பு. வாரிசு யார் என்றுதான் தாசில்தார் சான்று தருகிறார். யாருக்கு எவ்வளவு என்று அது சொல்லாது.

கிறிஸ்தவக் குடும்பத்தில் உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம்கள் வாரிசுகளின் சம்மதமில்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத முடியாது. தோடர், கோத்தர், இருளர், குறும்பர் போன்ற பழங்குடியினருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜென்மம் நிலத்தில் (பழைய ஜமீன் போன்ற நிலம்), அதிலும் 1969ஆம் ஆண்டு ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும், உரிமை முடிவாகாத நிலத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்களுக்கு இல்லாத உரிமையை உயில் உண்டாக்காது. எஸ்டேட் நிர்வாகம் தொழிலாளிக்குக் குடியிருக்கக் கொடுக்கும் லைன் வீடும் அப்படித்தான். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் எழுத வேண்டியது பிஎஃப், கிராஜுவிட்டி நாமினேஷன். குடும்பம் இல்லாத காலத்தில் பிஎஃபில் போட்ட நாமினி, கல்யாணமானதும் செல்லாமல் போய்விடும், புதிதாகப் போடுங்கள். பேங்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர்தான், சொந்தக்காரர் அல்ல. இன்சூரன்ஸிலும் இப்படித்தான் என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2015ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்று சட்டம் சொல்கிறது.

உயிலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சுவரோரப் பெட்டியில் அல்லாமல் காய்ந்த இடத்தில் வையுங்கள். எங்கே இருக்கிறது என்று நம்பிக்கையான ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். தொலைபேசி எண் 15100.