ரொமான்ஸ் என்பதைக் காதல் என்று சொன்னால் போதுமா?

அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்காக எடுத்த ஒரு படம் 1968இல் வெளிவந்தது. 'அழியாக் கதை' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். டென்மார்க் எழுத்தாளர் காரன் பிளிக்சனின் கதை. நடக்கும் இடம் சீனக் கடற்கரைத் துறைமுக நகரான மக்காவ், காலம் 19ஆம் நூற்றாண்டு. இதைப் 'பீரியட் ரொமான்ஸ்' என்பார்கள். நாம் 'பழங்காலக் காதல் படம்' என்று எழுதிவிடுகிறோம். அப்படி எழுதும்போது படத்தின் உயிர்ப்பகுதி விட்டுப்போகிறது. குறை 'ரொமான்ஸ்' என்ற சொல்லை நாம் புரிந்துகொண்டதில் இருக்கிறது.

அந்தச் சொல் முதலில் ஒரு மொழியைக் குறித்தது. 'ரோமானிகே' என்றால் லத்தீனில் 'ரோமானியர் பாணியில்' என்று பொருள். ஏட்டிலும் தேவாலயத்திலும் லத்தீன் இருக்க, வீட்டிலும் சந்தையிலும் மக்கள் பேசிய பேச்சுக்குப் பழைய பிரெஞ்சில் 'ரோமான்ஸ்' என்று பெயர் வந்தது. பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன் முதலியவற்றை இன்றும் 'ரொமான்ஸ் மொழிகள்' என்பது இதனால்தான். காதலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

12ஆம் நூற்றாண்டில் டிராய் நகரக் கதை, அலெக்சாந்தர் கதை, ஆர்தர் மன்னன் கதை எல்லாம் இந்த மக்கள்மொழியில் எழுதப்பட்டன. மொழியின் பெயரே அதில் சொல்லப்பட்ட கதைக்கும் ஆகிவந்தது. வீரன், மந்திரக் காடு, எட்டாத சீமாட்டி என்று அந்தக் கதைகள் விரிந்தன. சீமாட்டி மேல் வீரன் வைத்த அன்பு அவற்றில் ஓங்கி நின்றதால், பின்னாளில் சொல் காதல் பக்கம் சாய்ந்தது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் நாவலுக்கு இன்றும் 'ரோமான்' என்றே பெயர். ஆங்கிலத்தில், இல்லாததை அழகாக இட்டுக்கட்டுவதற்கும் இந்தச் சொல் வழங்கியிருக்கிறது.

ஆக மொழி, கதை, கற்பனை, காதல் என்று நான்கு படி இருக்கிறது. நாம் கடைசிப் படியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

நம் 'காதல்' ஓர் உணர்வின் பெயர். ஆண் பெண் அன்போடு அது நிற்பதும் இல்லை. 'காதல காதல் அறியாமை' என்ற குறளில், அரசன் தான் விரும்பும் பொருள்கள்மேல் வைத்த விருப்பம்கூடக் காதல்தான். ஆனால் 'கதை சொல்லும் முறை' என்ற பொருள் அதில் துளியும் கிடையாது.

அந்தப் பொருள் 'புனை' என்ற வேரில் இருக்கிறது. மாலை புனைவது, பாட்டுப் புனைவது, பொய்வழக்குப் புனைவது எல்லாம் ஒரே வினை. அழகுசெய்தலும் படைத்தலும் இல்லாததை உண்டாக்கலும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. நெடுநல்வாடை, அணிகலன் துறந்த அரசியை 'புனையா ஓவியம்' போன்றவள் என்கிறது. வண்ணம் ஏறாத ஓவியம் அது. 'புனைசுருட்டு' என்றால் பொய்யும் புரட்டும். இவ்வளவையும் தாங்கும் வேர் கைவசம் இருக்க, 'காதல் படம்' என்று சுருக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ரொமான்டிசிசம் என்ற இலக்கிய இயக்கத்துக்குப் 'புனைவியல்' என்ற சொல் ஏற்கெனவே வழங்குகிறது. அதே தடத்தில், இவ்வகைக் கதைக்கும் படத்துக்கும் 'காதற்புனைவு' என்பதே பொருந்தும். 'பீரியட்' என்பதற்கு 'முற்கால' என்று முன்னால் சேர்த்தால் போதும். இருவர் கொஞ்சிக்கொள்வதை 'ரொமான்ஸ்' என்கிறோமே, அதற்குச் 'சரசம்' இருக்கிறது.

சொல்லைப் படத்தில் பொருத்திப் பார்ப்போம். கிளே என்ற முதிய பணக்கார வணிகருக்குக் கணக்கேடு பிடிக்கும், நடக்காத கதை பிடிக்காது. வாரிசு இல்லாத கிழவர் ஒருவர், தம் இளம் மனைவியோடு ஓர் இரவு தங்க மாலுமி ஒருவனுக்கு ஐந்து கினி (பழைய ஆங்கிலப் பொற்காசு) கொடுத்தார் என்று கப்பல்தோறும் ஒரு கதை உலவுகிறது. அதை ஒரு தடவையாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்று கிளே முனைகிறார். மனைவி வேடத்துக்கு ஒரு பெண்ணை அமர்த்துகிறார்கள். அவளாக ழான் மோரோ நடித்தார். தெருவிலிருந்து ஒரு மாலுமியும் வருகிறான். எல்லாமே ஏற்பாடு, பொய். ஆனாலும் அந்த இரவில் இருவருக்கும் இடையே பிறக்கும் அன்பு பொய்யாக இல்லை. விடியும்போது கிளே உயிரோடு இல்லை. நடந்ததை யாரிடமும் சொல்லமாட்டேன், சொன்னால் யார் நம்புவார்கள் என்று மாலுமி போய்விடுகிறான். புனைந்த கதை ஊரெல்லாம் உலவுகிறது. உண்மையில் நடந்தது அவன் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது.