கருவியின் கண்ணில் படாத மெத்தட்

சோதனைப் பதிப்பில் ஒழுங்காக ஓடிய ஆண்ட்ராய்டு செயலி, வெளியீட்டுப் பதிப்பில் மட்டும் ‘நோசச்மெத்தட்எக்செப்ஷன்’ (அழைத்த மெத்தட் கிடைக்கவில்லை என்ற பிழை) என்று நின்றுவிடுகிறது. தேடிப் பார்த்தால் மூல நிரலில் அந்த மெத்தட், அதாவது பெயரிட்டு அழைக்கப்படும் நிரல்துண்டு, பத்திரமாக இருக்கும். நிரலைச் சுருக்கும் கருவிதான் அதை நீக்கியிருக்கும்.

2002இல் வெளிவந்த புரோகார்டும், 2019இல் ஆண்ட்ராய்டில் அதன் இடத்தைப் பிடித்த ஆர்8 கருவியும் ஒரே அடிப்படையில் இயங்குகின்றன. செயலியின் நுழைவாயில்களிலிருந்து புறப்பட்டு, எது எதை அழைக்கிறது என்று பைட்கோடில் (தொகுக்கப்பட்ட நிரலில்) தொடர்ந்து செல்கின்றன. போய்ச்சேர முடியாதவை நீக்கப்படும். மிஞ்சியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ‘ஏ’, ‘பி’ போன்ற குட்டிப் பெயர்கள் வந்துவிடும்.

ரிஃப்ளெக்‌ஷனில் (ஓடும்போது பெயரைச் சொல்லி மெத்தடைத் தேடி அழைக்கும் முறையில்) மெத்தடின் பெயர் வெறும் எழுத்துச் சரமாக இருக்கிறது. அது நிரலிலேயே முழுதாக எழுதப்பட்டிருந்தால் ஆர்8 சில நேரம் புரிந்துகொள்ளும். ஓடும்போது கோப்பிலிருந்து படிக்கப்படும் பெயரை அது எப்படி அறியும்? சி++ நிரல் ஜாவா மெத்தடை அழைக்கும்போதும் இதே கதைதான். இவற்றைவிட மோசமானது ஜேசன் தரவைப் பெயர் பார்த்துப் பொருத்தும் நூலகங்களில் நேர்வது: ஃபீல்டின் (மதிப்பை வைத்திருக்கும் இடத்தின்) பெயர் மாறியதும் மதிப்பு சத்தமில்லாமல் வெறுமையாகிவிடும், பிழைச்செய்திகூட வராது.

மருந்து, எதை விட்டுவைக்க வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் ‘கீப்’ விதிகள். சாதாரண ‘கீப்’, கிளாஸையும் (மெத்தடுகளையும் ஃபீல்டுகளையும் உறுப்புகளாகக் கொண்ட நிரல் அலகு) நாம் குறிப்பிட்ட உறுப்புகளையும் பெயரோடு காக்கும். ‘கீப்கிளாஸ்மெம்பர்ஸ்’ என்பதோ, கிளாஸ் வேறு காரணத்தால் பிழைத்தால் மட்டுமே உறுப்புகளைக் காக்கும். பலர் சறுக்குவது அடைப்புக்குறிக்குள் எதுவும் எழுதாமல் விடும்போது. கிளாஸ் தப்பிக்கும், மெத்தட் போய்விடும். முன்பு ஆர்8 இரக்கப்பட்டு, அளவுருக்கள் இல்லாத கன்ஸ்ட்ரக்டரையாவது (கிளாஸிலிருந்து ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதி) விட்டுவைத்தது. 2023இல் வந்த 8.0 ஆண்ட்ராய்டு கிரேடில் பிளக்இன் (செயலியைத் தொகுக்கும் கருவி) முதல் இயல்பாகிவிட்ட முழுப் பயன்முறையில் அந்தச் சலுகையும் இல்லை. விதிகளில் பேக்கேஜ் (கிளாஸ்களின் தொகுதி) பெயரின் பின்னே வரும் ஒற்றை நட்சத்திரம் உள்பேக்கேஜ்களைத் தொடாது; அதற்கு இரட்டை நட்சத்திரம் வேண்டும்.

இந்தத் தொல்லையே வேண்டாமென்று முழு பேக்கேஜையும் காக்கச் சொல்வது சோம்பேறி வைத்தியம்; பிறகு சுருக்குவதற்கு என்ன இருக்கிறது? ஓரிரு மெத்தடுகள்தான் என்றால் அவற்றின் தலையிலேயே ‘@கீப்’ குறிப்பை எழுதிவிடலாம். எவை நீக்கப்பட்டன என்பதைத் தொகுப்பின்போது உருவாகும் ‘யூஸேஜ்’ கோப்பு காட்டும். நூலகம் எழுதுபவர்கள் தேவையான விதிகளை நூலகத்துக்குள்ளேயே வைத்து அனுப்பலாம். பயன்படுத்துபவரின் தொகுப்பில் அவை தாமாகவே சேர்ந்துகொள்ளும்.